லாரியில் ஒரு லீவு

நான்கு நாள் விடுமுறை. போக 600 கிலோமீட்டர், வர 600. "இந்தத் தடவை நம்ம பிக்கப்பிலேயே போயிடலாம்" என்றதும் வீடு அமைதியானது. மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"லாரியிலயா மாப்பிள்ளை?"

வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. செகண்ட் ஹேண்ட், டபுள் கேப், டீசல். இது லாரி இல்லை என்று இரண்டு மாதமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். முன்னால் இரண்டு பேர், பின் சீட்டில் மூன்று பேர், ஏசி உண்டு, பாட்டு உண்டு என்று வரிசையாகச் சொல்வேன். "பின்னாடி பாடி இருக்கே?" என்பார். அதோடு என் வாதம் முடிந்துவிடும். இருக்கிறதுதான்.

கிளம்பும்போதே முதல் சறுக்கல். பெட்டிகளைப் பாடியில் ஏற்றலாம் என்றேன். "மழை வந்தா?" என்றாள் மனைவி. வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை. ஆனாலும் ஐந்து பெட்டிகளும் உள்ளேயே, காலுக்கடியிலும் மடியிலுமாக ஏறின. ஒரு டன் சுமக்கும் பாடியில் என் மகனின் செருப்பு மட்டும் பயணம் செய்தது. போய்ச் சேர்ந்தபோது அதிலும் ஒன்றுதான் இருந்தது.

நெடுஞ்சாலை வந்ததும் எனக்கு உடம்பில் ரத்தம் வேகமாக ஓட ஆரம்பித்தது. ஆறாவது கியர், மீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று, வேகம் 80. முன்னால் ஒரு நீள டிரெய்லர். சின்னக் காராக இருந்தால் இரண்டு கியர் குறைத்து, இன்ஜினைக் கதறவிட்டுத்தான் தாண்ட வேண்டும். டர்போ டீசலுக்கோ, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடும். கியரைத் தொடவே இல்லை, காலை லேசாக அழுத்தினேன். அரை நொடி யோசித்தது, அப்புறம் முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு தள்ளு. டிரெய்லர் கண்ணாடிக்குள் சுருங்கிப் போனது.

"பாத்தியா?" என்று மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான்.

பின் சீட்டிலிருந்து மட்டும் குரல் வந்தது. "மாப்பிள்ளை, இந்தப் பாலத்துக்குப் பாலம் தூக்கிப் போடுதே, அதுவும் உங்க பெர்ஃபார்மன்ஸ்தானா?"

அது உண்மைதான். பிக்கப்பின் பின் அச்சில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பாடி நிறையச் சுமை வந்தாலும் தாங்குகிற அளவுக்கு விறைப்பாகச் செய்தது. மேலே எடையே இல்லாவிட்டால் அது வளையாது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி சின்னதாகக் குதித்தது, மாமியாரின் தலை கூரையை விசாரித்துவிட்டு வந்தது. குறைகுடம் தளும்பும் என்பார்களே, அது பிக்கப்புக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். டயர் காற்று அளவுகளைச் சொல்லும் ஸ்டிக்கர் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் இருக்கும். காலி வண்டிக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. கிளம்பும் அன்று காலை, நெடுந்தூரப் பயணமாயிற்றே என்று நான் முழுச் சுமை அளவுக்குப் பின் டயர்களை நிரப்பிவிட்டேன். கல்லு மாதிரி ஸ்பிரிங்குக்குக் கீழே கல்லு மாதிரி டயர். இதை அப்போது வெளியே சொல்லவில்லை. இப்போதும் மாமியாருக்குத் தெரியாது.

மச்சான் விழித்ததும் டீசல் முள்ளைப் பார்த்தான். "மாமா, பாடியோட பின்கதவைத் திறந்து விட்டுட்டா காத்து நேரா போயிடும், டீசல் மிச்சமாகும்." பிக்கப் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த யோசனையைச் சொல்ல ஒரு மச்சான் வாய்த்திருப்பான். கதவு மூடியிருந்தால் பாடிக்குள் காற்று ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டு நிற்கும், மேலே வருகிற காற்று அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், திறந்தால் லாபமில்லை என்று விளக்கினேன். டீசல் குடிப்பது கதவு இல்லை, என் கால். 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவது உண்மையை நான் சத்தமாகச் சொல்லவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன்.

அடுத்து அவன் கை, நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவையை அனுப்பும் ஃபோர் வீல் திருகுக்குப் போனது. "இதப் போட்டா குதிக்காதுல்ல?" தட்டிவிட்டேன். எங்கள் வண்டியில் அது சேற்றுக்கும் மணலுக்கும்தான். காய்ந்த தார்ச்சாலை வளைவில் போட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஆளுக்கொரு தூரம் ஓடப் பார்த்து ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

விடுமுறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கினோம். திரும்பும் நாள் காலையில்தான் கதை மாறியது. மாமியார் ஒரு நர்சரிக்குள் போய் 14 பூந்தொட்டிகளோடு வந்தார். மண்ணோடு ஒவ்வொன்றும் 18 கிலோ இருக்கும், கணக்குப் போட்டால் சுமார் 250 கிலோ.

"லாரி எதுக்கு இருக்கு?" என்றார்.

கனத்தை எல்லாம் கேபின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் அடுக்கினேன். கடைசியில் தள்ளி வைத்தால் பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். காற்றில் இலை உதிரக் கூடாது என்று மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினேன்.

அப்புறம் ஓடியது பாருங்கள், அது வேறு வண்டி. அதே பாலம், அதே இணைப்பு. ஒரு மெல்லிய "தும்", அவ்வளவுதான். ஏற்றத்தில்கூட ஆறாவது கியர் முனகாமல் இழுத்தது. பின் சீட்டில் மாமியார் வாய் திறந்து தூங்கினார். வண்டிக்கு அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.

90-ஐத் தொட்டதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். பட பட பட பட. வேகம் கூடினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீல் பேரிங் என்றேன். ஓரங்கட்டி ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மறுபடி கிளம்பினால் மறுபடி பட பட. அப்போ பின் அச்சைச் சுழற்றும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்தான் என்று முடிவு கட்டி, சட்டையோடு வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். முதுகில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம். மூன்றாவது முறை நிறுத்தியபோது மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"என்னங்க, அந்தத் தார்ப்பாய் முனையை யாராவது கட்டினீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைப் பார்த்தேன்.

வீடு சேர்ந்து 14 தொட்டிகளையும் இறக்கி மாடியில் வைத்தாயிற்று. மறுநாள் காலை அலுவலகம் கிளம்பினால், முதல் வேகத்தடையிலேயே வண்டி பழையபடி குதித்தது. டயர் காற்றைக் குறைத்தேன், கொஞ்சம் அடங்கியது. மனசு அடங்கவில்லை. மாலையில் மாமியாரிடம் போய், "அத்தை, ஒரு நாலு தொட்டி மட்டும்..." என்று இழுத்தேன்.

வெகுநேரம் யோசித்தார். "எடுத்துக்குங்க மாப்பிள்ளை. ஆனா தினமும் தண்ணி ஊத்தணும், வாடினா நான் கேப்பேன்."

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வந்ததும் வண்டியைப் பூட்டிவிட்டு மேலே போகிறார்கள். நான் மட்டும் கையில் வாளியோடு என் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.