ராலேகண் சித்திக்குத் திரும்பிய ராணுவ ஓட்டுநர்

அண்ணா ஹசாரே என்றதும் ஊழலுக்கு எதிரான 2011 டெல்லி உண்ணாவிரதம்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முந்தைய ஹசாரேதான் பெரிய மனிதர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம் கரண் பகுதியில் கூட இருந்தவர்கள் இறந்துபோக, இவர் மட்டும் பிழைத்தார்.

1975-ல் ஓய்வு பெற்று, மகாராஷ்டிராவில் இருக்கும் சொந்த ஊரான ராலேகண் சித்திக்கு வந்தார். மழை குறைவு, சாராயம் அதிகம். முதலில் தன் வருங்கால வைப்பு நிதியைப் போட்டு ஊரிலிருந்த யாதவ்பாபா கோயிலைச் சீரமைத்தார். ஊர் அவரை நம்ப ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்புறம் தண்ணீர். மக்களே உழைத்து, சரிவுகளில் வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, வழிந்தோடிய மழையை மண்ணுக்குள் இறக்கினார்கள். கிணறுகளில் நீர் ஏறியது. நீரை அதிகம் உறிஞ்சும் கரும்பு வேண்டாம் என்றும் முடிவெடுத்தார்கள்.

சாராயத்தை ஒழிக்க, குடித்தவர்களைத் தூணில் கட்டி அடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தானிய வங்கி. விளைச்சல் மிஞ்சியவர்கள் தானியம் கொடுப்பார்கள், இல்லாதவர்கள் கடனாக வாங்குவார்கள், அடுத்த அறுவடையில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிப் போடுவார்கள். வட்டியும் தானியம்தான்.