மரத்தடியில் விரித்த படங்கு

வௌவாலில் வைரஸ் தேடும் வேலை என்றால் இருட்டுக் குகையும் உடல் முழுக்க மூடிய உடுப்பும்தான் பலருக்கு நினைவில் வரும். மட்டக்களப்பில் அந்த வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகம் செய்தது, சொல்லவே கூச்சம், மூத்திரம் சேர்த்ததுதான்.

பழந்தின்னி வௌவால் கோயில் ஆலமரம், ஆற்றோர மருதமரம் என்று உயரம் பார்த்துத் தொங்கும். சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் வரும். லேசில் வலையில் அகப்படாது. அதனால் விடியுமுன்னே மரத்தடியில் படங்கை விரித்துவிட்டுக் காத்திருப்போம். இரை தேடப் போனவை திரும்பி வந்து, இடத்துக்குச் சண்டை பிடித்து, ஒருவழியாக அடங்கும். தலைகீழாகத் தொங்குவது மூத்திரம் பெய்யும்போது மட்டும் பெருவிரல் நகத்தால் கொப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும். அது கிறுகுவதைக் கண்டால் நாங்கள் விலகிக்கொள்வோம். படங்கில் விழுந்த துளியை வெயில் ஏறுமுன் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, குழாயில் போட்டு, இலக்கம் எழுதி, திரவ நைதரசன் கலத்துக்குள் இறக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஆர்.என்.ஏ, அதாவது இந்த வைரஸ்களின் மரபுப் பொருள், தாங்காது. மீனுக்குப் போடுகிற ஐஸ் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது.

பழைய கட்டடக் கூரைகளில் இருக்கிற பூச்சி தின்னும் சின்ன வௌவாலுக்கு அந்திநேரத்தில் மெல்லிய வலை கட்டுவோம். தோல் கையுறையோடு எடுத்து, துணிப் பையில் போட்டு நிறை பார்த்து, வாயில் ஒற்றி எடுத்து, விட்டுவிடுவோம். அதற்கு முன்பே எல்லோரும் விசர்நாய்க்கடி ஊசி போட்டிருக்க வேண்டும். சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. கண்டிக்கு அருகே கன்னொறுவையில் நோயுற்றும் செத்தும் கிடந்த பழந்தின்னி வௌவால்களில், விசர்நாய்க்கடி வைரசுக்கு நெருங்கிய உறவான ஒரு புதிய வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு 2016இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அப்புறம் ஆய்வுகூடம். ஒரு வைரஸ் குடும்பம் முழுவதற்கும் பொதுவான மரபுப் பகுதியைக் குறிவைத்து பீ.சீ.ஆர் செய்வார்கள்; அந்தப் பகுதி இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை அது. அகப்பட்ட துண்டின் மரபு எழுத்து வரிசையை வாசித்து, தெரிந்தவற்றோடு ஒப்பிடுவார்கள். 'புதிய வைரஸ்' என்று செய்தியில் வருவது பல நேரம் சில நூறு எழுத்து நீளமுள்ள இந்தத் துண்டுதான். அது மனிதருக்குத் தொற்றுமா என்பதை அந்தத் துண்டு மட்டும் சொல்லிவிடாது. செய்தி எழுதுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

உண்மையில் கஷ்டமான வேலை அங்கேதான் தொடங்கும். மரத்தடி ஆட்களுக்கு என்ன சொல்வது? "வைரஸ் இருக்கு" என்று அரைகுறையாகச் சொன்னால் அடுத்த கிழமை மரம் நிற்காது. "மனே, நெருப்பு வெச்சு எழுப்பிவிட்டாச் சரிதானே?" என்று ஒரு ஆச்சி கேட்டார். உகண்டாவில் கிட்டாக்கா என்ற சுரங்கத்தில் அதைவிட மோசமாகச் செய்தார்கள். 2007இல் அங்கே வேலை செய்தவர்களுக்கு எபோலாவுக்கு உறவான வைரசால் வரும் மார்பர்க் காய்ச்சல் வந்ததும் வௌவால்களை ஒட்டுமொத்தமாக அழித்தார்கள். சில வருடங்களில் வௌவால் திரும்பி வந்தது. வைரஸ் பிடித்தவற்றின் விகிதம் முன்பு அந்தப் பகுதியில் கண்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 2012இல் பக்கத்து ஊர்களில் மறுபடியும் காய்ச்சல். கதையைச் சொன்னேன். ஆச்சி கேட்டுவிட்டு, "அப்ப இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள்: வௌவால் கடித்த பழத்தைத் தின்னவேண்டாம், விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தூக்கவேண்டாம், கடித்தால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வங்காளதேசத்தில், வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா வைரஸ் தொற்றுகிற ஒரு முக்கிய வழி, வௌவால் நக்கி அசுத்தமாக்கிய பச்சை ஈச்சம் பதநீர். அங்கே மரத்தில் தட்டி கட்டி மறைத்துப் பார்த்தார்கள், பலன் இருந்தது. கள்ளுச் சீவுகிற ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லி, முட்டிகளை மூடச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு ஒருநாள் பார்த்தால் எல்லா முட்டிக்கும் வலை கட்டியிருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"வைரசுக்கு இல்ல மனே," என்றார். "பாதிக் கள்ள அதுகளே குடிச்சிட்டுப் போகுதுகள்."