பெயர் எழுதாத இரண்டு பக்கங்கள்

நினைவு மலர்க் குழுத் தம்பி "அண்ணை, பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ரெண்டு பக்கம்" என்று கேட்டபோது கிரிக்கெட்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பிக்மட்ச் எனும் பள்ளிகளின் ஆண்டுக் கிரிக்கெட் போட்டியின் ஸ்கோர் குறித்து வைத்திருந்த சி.ஆர். கொப்பியை, அந்தத் தடித்த குறிப்புப் புத்தகத்தை, தேடி எடுத்தேன். அதைப் பின்பக்கம் திருப்பினால் நூலகக் குறிப்புகள். அதோடு கிரிக்கெட் போய்விட்டது.

எங்கள் மத்திய கல்லூரிக்காரருக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் அடுத்த வீடு மாதிரி. பள்ளி விட்டதும் புல்லுக்குளத்தடியில் கொஞ்சம் மினக்கெட்டுவிட்டு, சரஸ்வதி சிலையைத் தாண்டி உள்ளே போவோம். 1933இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கிய புத்தகங்கள்தான் அதன் வித்து. கட்டடத்துக்குச் சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார், நூலக அறிஞர் ரங்கநாதன் ஆலோசனை சொன்னார், 1959 ஒக்டோபர் 11இல் திறந்தார்கள். அந்த வயதில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மின்விசிறிக்குக் கீழே வாங்கு பிடிப்பதுதான் எங்கள் கவலை.

இரவல் பகுதியில் நாவல் எடுக்கலாம். உசாத்துணைப் பகுதியில் இருப்பதை வெளியே கொண்டுபோக முடியாது. இருந்து பார்த்து எழுத வேண்டும். புவியியல் வாத்தியார் ஊர்க்குளங்களைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார். அங்கே அட்டை போன ஒரு சின்னப் புத்தகம் அகப்பட்டது. குளத்தின் பெயர், எந்த வயலுக்கு நீர், எந்தப் பக்கம் மிகைநீர் வழியும் வான் என்று வரிசையாக இருந்தது. தொட்டால் ஓரம் உதிரும் தாள். இரண்டு பின்னேரம் இருந்து இரண்டு பக்கம் நிறைய எழுதினேன். "உதை ஏன்டா முழுக்க எழுதுறாய், நாளைக்கும் இஞ்சதானே இருக்கப்போகுது" என்றான் பக்கத்தில் இருந்தவன். அவன் சொன்னதும் சரிதான் என்று மூடி வைத்துவிட்டேன்.

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. 1981 மே 31, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது வெறியாட்டம். பூபாலசிங்கம் புத்தகக் கடை எரிந்தது, ஈழநாடு பத்திரிகை எரிந்தது. மே போய் ஜூன் பிறந்த கையோடு நூலகமும் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச் சுவடிகள். யார் செய்தது என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில்தான் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளின் உயிர் போனது என்று இன்றும் சொல்வார்கள்.

சில நாள் கழித்து நாலைந்து பேராகப் போய்ப் பார்த்தோம். புத்தகம் எரிந்தால் முழுக்கச் சாம்பலாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மொத்தமான புத்தகங்கள் ஓரம் கருகி, நடுவில் வெள்ளையாகவே இருந்தன. ஒற்றைத் தாள்கள் கறுத்திருந்தாலும் எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது, வாசிக்கலாம் போல. ஒன்றை இரண்டு விரலால் தூக்கினேன். ஒரு வரி பார்ப்பதற்குள் பொடிந்து நகத்துக்குள் போய்விட்டது. எங்களில் ஒருவரும் கதைக்கவில்லை.

1984இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள்; பிறகு போர் அதையும் தின்றது. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய திருத்த வேலையில்தான் இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் முழுதாக எழுந்தது. எரிந்த சுவரை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டிருக்க வேண்டும் என்ற கட்சிதான் நானும். வெளிநாட்டில் இருந்துகொண்டு கட்சி பிடிப்பது சுகம். ஊருக்குப் போனபோது உள்ளே பிள்ளைகள் குனிந்து படிப்பதைப் பார்த்தேன், அப்புறம் அந்த வாதத்தை எடுக்கவில்லை.

அந்தப் பயணத்தில் கொப்பியையும் கொண்டுபோயிருந்தேன். உசாத்துணைப் பகுதியில் இருந்த பிள்ளையிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு குளமாக விரல் வைத்து வாசித்தாள். தன் ஊர்க்குளம் வந்ததும் நிமிர்ந்து சிரித்தாள். "ஐயா, இதில அரைவாசிப் பெயர் நான் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் பார்ப்பம், வேற எங்கயாவது ஒரு பிரதி இருக்கும்" என்று கணினிப் பக்கம் திரும்பினாள்.

"புத்தகத்தின்ர பெயர் என்ன ஐயா? ஆர் எழுதினது?"

கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினேன். குளங்கள் இருந்தன. மற்றப் பக்கத்தில் பிக்மட்ச் ஸ்கோர் இருந்தது.