இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?

2024 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பால் வாங்கக் கீழே இறங்கினேன். கார் இல்லை. இரவு மழை பெய்து தெரு முழுக்க ஈரம். கார் நின்ற நீளத்துக்கு மட்டும் தரை காய்ந்து கிடந்தது. ஓரத்தில் அரிசி சிந்தியது போலக் கண்ணாடித் துண்டுகள். அதைக் கூட்டிவிடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டேன். "மழை நின்ற பிறகுதான் எடுத்திருக்கான்" என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எஸ்.ஐ. சொன்னார். எந்த நேரத்து சிசிடிவியைப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் 100க்கு போன் செய்தேன். அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. அரை மணி நேரத்தில் கிளெய்ம் நம்பர் வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாகக் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டேஷனில் "ரெண்டு நாள் தேடிப் பார்ப்போம் சார்" என்றார்கள். நான் நகரவில்லை. அன்று சாயங்காலம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள், மறுநாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் என்பதால், திருட்டுக்கான பழைய ஐ.பி.சி. 379ஆம் பிரிவுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 303(2). புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்தேன். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரில் ஓர் எண் மாறியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் பின்னால் ஒவ்வொரு மேஜையிலும் அது என்னை நிறுத்தியிருக்கும். யாரும் அந்த வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன்.

ஃபாஸ்டேகை அவசரப்பட்டு முடக்க வேண்டாம், எங்காவது டோல்கேட்டில் பணம் பிடித்தால் தடயம் கிடைக்கும் என்றார் எஸ்.ஐ. ஒரு வாரம் போன் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தேன். எந்த மெசேஜும் வரவில்லை.

அப்புறம் வந்தார் இன்சூரன்ஸ் தரப்பில் விசாரணை செய்பவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு சாவியும் குடுங்க." ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இன்னொன்றைப் பற்றி வருடக்கணக்கில் நினைத்ததே இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். காரிலேயே வைத்துவிட்டேனோ என்று வயிறு கலங்கியது. அப்படி இருந்தால் கவனக்குறைவு என்று சொல்லியே பணத்தை மறுக்கலாம். கடைசியில் மனைவிதான் யோசித்துச் சொன்னாள்: போன வருடக் கல்யாணத்துக்கு மச்சான் வண்டியை எடுத்துப் போனாரே! கூரியரில் அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் தானே ஏறி, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து தந்தார். விசாரணைக்காரர் இரண்டு சாவியின் தேய்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே என் கையெழுத்தை வாங்கினார். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் உங்கள் இரண்டாவது சாவியைத் தேடிவிடுங்கள்.

வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் 'நான் ட்ரேசபிள்' சான்றிதழ் டிசம்பரில்தான் கைக்கு வந்தது. அது இல்லாமல் ஃபைல் நகராது. இதற்கிடையில் இன்னொரு சிக்கல்: கடனை அடைத்து ஒரு வருடம் ஆகியும் ஆர்.சி.யில் வங்கி பெயரை நீக்காமல் விட்டிருந்தேன். புதிதாக வங்கியின் தடையில்லாச் சான்றிதழ், கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35 என்று மூன்று வாரம் போனது. பிறகு வண்டியின் உரிமையை மாற்றுவதற்கான 28, 29, 30 ஆகிய ஃபாரங்களில் கையெழுத்து, முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம், நோட்டரி. வண்டி எப்போதாவது கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம்.

2025 பிப்ரவரியில் பணம் வந்தது. பாலிசியில் வண்டியின் மதிப்பாக எழுதியிருந்த ஐ.டி.வி. தொகைதான், கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக. முந்தைய வருடம் பிரீமியத்தில் சில நூறு குறையும் என்று ஐ.டி.வி.யை இறக்கச் சம்மதித்திருந்தேன். அது இப்போது 40,000 ரூபாயாகக் கடித்தது.

அடுத்த கார் பழையதுதான். கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்க மெக்கானிக் பயன்படுத்தும் ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகி, வெற்றுச் சாவியைச் சில நிமிடங்களில் வண்டிக்குப் பழக்கிவிடுகிறார்கள் என்று எஸ்.ஐ. விளக்கியிருந்தார். அதனால் அந்தப் போர்ட்டுக்கு ஒரு பூட்டு, கியர் லாக், தனி பேட்டரியோடு உள்ளே மறைத்த ஜி.பி.எஸ். என்று மூன்றும் போட்டேன். எதைப் போட்டாலும் எடுக்கிறவன் எடுப்பான் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெருவில் நின்று செய்கிறவனுக்கு நேரம்தான் எதிரி. ஒவ்வொரு பூட்டும் அவனுக்குச் சில நிமிடம் கூட்டுகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், அரசின் 'வாகன் சமன்வய்' தளத்தில் அந்த வண்டியின் பதிவெண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மூன்றையும் போட்டுத் திருட்டு வண்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன். பக்கத்தை மூடும் முன் என் பழைய காரின் எண்ணையும் அடித்துப் பார்த்தேன். போலீஸ் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது.