‘னி’யில் தொடங்காத வரி

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி இது: பெயரை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்க வேண்டும். பாத்திரங்கள் ‘பொன்னியின் செல்வ’னில் இருந்து. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் புள்ளி எழுத்தை விட்டுவிடலாம். வந்தியத்தேவனின் எட்டு எழுத்து அப்படி ஐந்து வரியாகும். நந்தினிக்கு மூன்றே வரி.

முன்பு ஒரு மாணவி நந்தினிக்கு எழுதியிருந்தது:

நடுநிசியில் ஒரு வாளை அணைத்து அழுவாள்
திரை மூடிய பல்லக்கில் ரகசியம் போகும்
இனி அவளை யார் நம்புவார்?

“மூணாவது வரி ‘இ’ல தொடங்குதேம்மா.”

“‘னி’ல என்ன சொல் மிஸ் இருக்கு?”

“இல்லதான். வேற பாத்திரம் எடுத்துக்கோ.”

குந்தவையை எடுத்தாள். குணத்தில் குன்று, தங்க மனசுக்காரி, வையம் புகழும் மங்கை. எழுத்து மூன்றும் சரி. வரிகள் எந்தக் கதையின் இளவரசிக்கும் பொருந்தும். வாளும் பல்லக்கும் நந்தினிக்கே உரியவை. அவற்றைத்தான் அடிக்க வைத்தேன்.

விதி நான் போட்டதல்ல. நன்னூல் மொழிக்கு முதலாகத் தருவது பத்து மெய்களின் உயிர்மெய். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் வெளியே. தளர்த்தினால் ஓரத்தில் பெயர் தெரியாது, பெயர் தெரியாவிட்டால் அது வெறும் மூன்று வரி. இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஆத்திசூடி? ‘ழ’வுக்கு ‘அழகு அலாதன செயேல்’, ‘ள’வுக்கு ‘இளமையில் கல்’, ‘ன’வுக்கு ‘அனந்தல் ஆடேல்’. முன்னால் ஓர் உயிரை வைத்து, எழுத்தை இரண்டாமிடத்தில் நிறுத்துகிறார் ஔவை. ‘இனி’யில் அந்தப் பெண் செய்ததும் அதுவே. இரண்டாம் எழுத்து எதுகையின் இடம். தமிழ்க் காதுக்குப் பழகிய இடம். தினமும் வகுப்பில் சொல்பவளுக்கு அன்று அது தோன்றவில்லை.

இந்த ஆண்டு அனுமதித்தேன். கூடுதல் எழுத்தை நோட்டின் ஓரக்கோட்டுக்கு வெளியே எழுதினால் பெயர் நேராக நிற்கும். பூங்குழலியின் ‘ழ’வுக்குப் ‘பழகிய படகு’, ‘லி’க்கு ‘வலித்த துடுப்பு’ என்று ஒருத்தி எழுதினாள். அதைப் படித்தபோது பழைய நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் வானதியின் ‘வா’வுக்கு எத்தனையோ சொல் இருக்க, ஒருவன் ‘அவா’ என்று எழுதி ‘அ’வை வெளியே தள்ளியிருக்கிறான். “தப்பா மிஸ்?” என்றான். மதிப்பெண் போடாமல் அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.