பூச்சு காயும் நாட்கள்

ஜூன் 2
கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் உள்பூச்சு முடிந்தது. கடைசியாகப் பூசியது அம்மா அறையின் கிழக்குச் சுவர். நாளை காலையிலிருந்து ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். காலை, மாலை, வெயில் நேரே விழும் சுவர்களுக்கு மதியமும் ஒரு முறை. நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டு, காய்ந்த பூச்சை மறுபடி நனைத்தால் விட்ட பலம் முழுசாகத் திரும்பாது. மயிரிழை வெடிப்பு வந்தால் கலவையைத்தான் முதலில் குறை சொல்கிறோம். தண்ணீர் போடாமல் விட்ட நாளைக் கேட்பதில்லை.

தூணும் செங்கல்லும் சேரும் இடங்களில் கோழிவலை அடித்தாயிற்று, இணைப்புக்கு இருபுறமும் 15 செ.மீ. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் அசைவதில்லை. வலை இல்லாவிட்டால் தூணின் ஓரம் பிடித்து நேர்கோடாக வெடிக்கும்.

ஜூன் 3
தண்ணீர், இரு வேளை.

ஜூன் 5
பூச்சுக்கு முன் எடுத்த சுவர்ப் படங்களை அறை அறையாகப் பிரித்து வைத்தேன். ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரிய வேண்டும்: தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு. நாடா இல்லாத படம் பின்னால் ஆணி அடிக்கும் நாளில் உதவாது.

குழாய் பதிக்கச் சுவரில் வெட்டிய காடிகளையும் படத்தில் பார்த்துக்கொண்டேன். செங்குத்தாக வெட்டும் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குதான். 23 செ.மீ. சுவரில் படுக்கைக் காடி 3.8 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அம்மா அறைக் கிழக்குச் சுவரில் ஒரு மின்குழாய் மட்டும். தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை.

ஜூன் 9
தண்ணீர் அடிப்பது இன்றோடு நிறுத்தம். இனி காய வேண்டும்.

படிக்கட்டு தூங்க விடவில்லை. வார்க்கும்போது எல்லாப் படியும் 17 செ.மீ. என்று வார்த்துவிட்டார்கள். காகிதத்தில் சரி. ஆனால் கீழ்த்தளத் தரை கலவையும் டைல்ஸும் சேர்ந்து 5 செ.மீ. ஏறும். படிக் கல்லும் அதன் கலவையும் 3 செ.மீ. என்று கணக்கு. அப்படிப் போட்டால் முதல் படி 17 கூட்டல் 3 கழித்தல் 5, 15 செ.மீ. ஆகிவிடும். மேல்தளத் தரையும் 5 ஏறுவதால் கடைசி ஏற்றம் 19 ஆகும். நடுவில் எல்லாம் 17. முதல் இரண்டு படி ஏறியதுமே கால் ஒரு உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு 2 செ.மீ. மாறினால் கண் பார்க்காது, கால்தான் இடறும். இறங்கும்போது இன்னும் மோசம்.

வார்ப்புக்கு முன்பே முதல் படியை 19 ஆகவும் கடைசியை 15 ஆகவும் வைத்திருக்க வேண்டும். இப்போது ஒரே வழி, படிகளுக்கும் 5 செ.மீ. கனம் கொடுப்பது: 2 செ.மீ. கல், அதன் அடியில் 3 செ.மீ. கலவை. அப்போது எல்லா ஏற்றமும் 17க்கே திரும்பும். மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 28. இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் 62. அது 60க்கும் 65க்கும் நடுவில் இருந்தால் நடை இயல்பாக வரும்.

கொத்தனாரிடம் சுவரிலேயே பென்சிலால் வரைந்து காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "ஆமாங்க, மேல ஒண்ணு தூக்கும்" என்றார்.

ஜூன் 12
குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டாம் கை. முதல் கை கிழக்கு மேற்காக, இது தெற்கு வடக்காக. முதல் கையில் விட்ட ஊசித்துளையை இது மூட வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் கலவையால் வளைவாக உருட்டி, அதன் மேல் கண்ணாடியிழைப் பட்டை. சுவரில் 30 செ.மீ. உயரம், ஷவர் பக்கம் 1.8 மீட்டர்.

வாட்டம் பற்றி, அதாவது நீர் வடிகாலுக்கு ஓடத் தரையில் விடும் சரிவு. டைல்ஸ் போடும்போது வாட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பக் கூடாது. நீர்த்தடுப்புக்குக் கீழே உள்ள தளத்திலேயே வாட்டம் இருக்க வேண்டும். மேலே மட்டும் இருந்தால், இடுக்கு வழியாக இறங்கும் நீர் டைல்ஸுக்கு அடியில் தட்டையான தளத்தில் தேங்கும். பிறகு வாடை, இடுக்குகளில் வெள்ளை உப்பு. ஷவர் பக்கம் 1.2 மீட்டர் ஓட்டத்துக்கு 2.4 செ.மீ. இறக்கம், அதாவது 50க்கு 1. மற்ற இடத்தில் 80க்கு 1 போதும். அதற்கு மேல் போனால் நிற்கும்போது கணுக்கால் உணரும். அம்மாவுக்கு அது கூடாது.

ஜூன் 13
வடிகால் வாயை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தியிருக்கிறது. 48 மணி நேரம். சுவரில் பென்சில் கோடு. பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர், அதிலும் கோடு.

ஜூன் 15
தரையில் 3 மி.மீ. குறைந்திருக்கிறது. வாளியிலும் 3. ஆவியானதுதான். கீழே கூரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாயிற்று, உலர்ந்திருக்கிறது. நல்ல நாள்.

ஜூன் 18
மற்றச் சுவர்கள் எல்லாம் வெளுத்துவிட்டன. அம்மா அறைக் கிழக்குச் சுவர் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கருத்தே இருக்கிறது. கடைசியில் பூசியதால் இருக்கும்.

ஜூன் 19
கருப்பு அப்படியே.

ஜூன் 21
கடைசியில் பூசியதால் இல்லை. அதே நாளில் பூசிய அதே சுவரின் மேல்பகுதி வெளுத்துவிட்டதே.

45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைக் கறையின் மேல் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்று புகாமல் ஒட்டினேன். குறைந்தது 16 மணி நேரம். அறைப் பக்கம் துளி கட்டினால் அறைக் காற்றின் ஈரம்; சுவர்ப் பக்கம் கட்டினால் சுவருக்குள்ளிருந்து வருவது.

கறையின் மேல் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டேன். அதிகபட்சம் 60 செ.மீ.

ஜூன் 22
சுவர்ப் பக்கம். தாளை உரிக்கும்போது துளிகள் கையில் வழிந்தன.

ஜூன் 23
கறை மழைக்குக் கூடி வெயிலுக்குக் குறைந்தால் வெளிச்சுவர் வெடிப்போ சன்னல் ஓரமோ. மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல், ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக இருந்தால் குழாய். தரையிலிருந்து ஒரே மட்டமாக ஏறி, மேல் ஓரத்தில் உப்பு வரி விட்டால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். அது பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் போவதில்லை.

குழாய் இல்லை, படம் சொல்கிறது. வட்டமும் இல்லை. மேல் ஓரத்தில் விரலை வைத்தால் மாவு மாதிரி வெள்ளை ஒட்டுகிறது.

ஓதத்தடுப்புப் பட்டை போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு எப்படி?

ஜூன் 25
கூடத்தில் டைல்ஸ். 60க்கு 120. இந்த நீளத்தில் டைல்ஸ் நடுவில் லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும். இரண்டை முகத்துக்கு முகம் வைத்தால் தெரியும். அதனால் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் ஒன்றின் மேடு பக்கத்து டைல்ஸின் பள்ளத்தோடு சேர்ந்து, காலில் விளிம்பு தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது. இங்கே தள்ளவே இல்லை, நேர் வரிசை, இடுக்குக்கு 3 மி.மீ. ஸ்பேசர்.

பசையைப் பல் வைத்த கரணையால் தரையில் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெலிதாகத் தடவ வேண்டும். நாலு மூலையிலும் உருண்டை வைத்து அமுக்குவது வேகமான வேலைதான், ஆனால் நடுவில் வெற்றிடம் விடும். முதல் நாள் போட்டதில் ஒன்றைப் பெயர்த்து முதுகைப் பார்ப்பது நல்லது: உலர்ந்த இடத்தில் 80 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும், குளியலறையில் 95. இன்று பெயர்த்ததில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. பசையை விரித்து வெகுநேரம் விட்டதால் மேலே ஆடை கட்டிவிட்டது. இனி ஒரு தடவைக்கு இரண்டு டைல்ஸ் அளவே விரிப்பது என்று முடிவு.

சுவர் ஓரம் 8 மி.மீ. இடைவெளி காலியாகவே இருக்கட்டும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை மறைக்கும். அதைக் கலவையால் அடைத்தால் வெயில் காலத்தில் தரை விரிய இடமில்லாமல் கூடத்தின் நடுவே கூடாரம் போட்டு எழும்பும்.

பெட்டிகளின் நிற எண் எல்லாம் ஒன்றே. பத்து சதவீதம் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறது.

ஜூன் 26
கறை 60.

ஜூன் 28
கண்டுபிடித்தாயிற்று.

கிழக்குப் பக்கம் வெளியே பூச்சு மணல் கொட்டிய குவியல். சலித்து ஒதுக்கியது, உடைந்த செங்கல், எல்லாம் சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. தூசி பறக்காமல் இருக்கத் தினமும் அதன் மேல் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மண்வெட்டியால் ஒரு ஓரம் விலக்கிப் பார்த்தால், ஓதத்தடுப்புப் பட்டை குவியலுக்கு 20 செ.மீ. கீழே! பட்டை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஈரம் அதன் தலைக்கு மேலாகவே சுவருக்குள் போயிருக்கிறது. வெளி மண் எப்போதும் பட்டைக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே நிற்க வேண்டும். வீடு முடிந்த பிறகு போடும் பூப்பாத்திகளும் நடைபாதைக் கல்லும் இதே தப்பைத்தான் செய்கின்றன. செடிக்கு மண் நிரப்புகிறோம், உள்ளே படுக்கையறைச் சுவர் உரிகிறது.

குவியல் மாலைக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து நீர்த்தடுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்து மூடிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கூடாது. உள்வாயை அடைத்தால் ஈரம் வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறும்.

ஜூன் 29
உப்பை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்ட வேண்டும். தண்ணீரில் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். சன்னல்கள் திறந்திருக்கின்றன. மின்விசிறி சுவரைப் பார்த்து.

ஜூலை 2
சமையலறை அலமாரிக்கு ஆசாரி அளவெடுத்தார். பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான் இந்த அளவு. வரைபடத்தை நம்பி மரம் அறுக்கக் கூடாது. மூலையில் ஒரு பக்கம் 60, மறுபக்கம் 80 குறித்துக் குறுக்கே அளந்தால் 100 வர வேண்டும். 101.2 வந்தது. மூலை விரிந்திருக்கிறது. அதனால் சுவர் ஓரத்தில் 4 செ.மீ. நிரப்புப் பட்டை வைத்து, அதைச் சுவரின் கோணலுக்கு ஏற்றபடி சீவச் சொன்னேன். பட்டை இல்லாமல் பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் இழுப்பறையின் கைப்பிடி பக்கத்துச் சுவரிலோ நிலையிலோ இடித்துத் திறக்காது.

மேடை உயரம்: சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே. இங்கே 88. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 55.

ஜூலை 4
கறை 52! எட்டு செ.மீ. இறங்கியிருக்கிறது!

ஜூலை 7
நிறம். சிறிய அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சுவரில் அது எப்போதும் அடர்ந்துதான் தெரியும், நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை வீசுவதால். பெரிய அட்டையில் இரண்டு கை அடித்து, சுற்றி வெள்ளை ஓரம் விட்டு, காலை, மதியம், இரவு விளக்கில் என மூன்று வேளை வைத்துப் பார்க்கிறேன். சன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் சன்னல் இருக்கும் சுவரிலும் ஒரே நிறம் இரண்டாகத் தெரிகிறது. விளக்கு முடிவாகாமல் நிறத்தை முடிவு செய்ய முடியாது: ஒளியின் நிறம் 3000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் எண் (CRI) 90க்கு மேல். அதற்குக் குறைந்த விளக்கில் மரமும் முகமும் சாம்பல் பூசியது மாதிரி இருக்கும்.

அம்மா அறைக்கு மட்டும் நிறம் குறிக்கவில்லை.

ஜூலை 10
மற்ற அறைகளில் பட்டி இரண்டாம் கை. இருட்டிய பிறகு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் பகலில் மறைந்த கரணைக் கோடெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கிறது. பென்சிலால் வட்டமிட்டு, அந்த இடங்களை மட்டும் 180 உப்புத்தாள், பிறகு முழுச்சுவரும் 320. தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் அது சுவரைப் பிடிக்காமல் தூசியைப் பிடிக்கும். ஒரு வருடத்தில் செதில் செதிலாக வரும்.

ஜூலை 12
குளியலறைக் கைப்பிடிக் கம்பிகள். தரையிலிருந்து 85 செ.மீ., கம்பி 35 மி.மீ. பருமன், சுவரிலிருந்து 38 மி.மீ. இடைவெளி, அதைவிட அகன்றால் கை வழுக்கி முழங்கை வரை உள்ளே மாட்டும். திருகு டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுதாகப் போக வேண்டும். ஒவ்வொரு துளையும் நீர்த்தடுப்பைக் கிழிக்கிறது என்பதால் திருகுக்கு முன் துளை நிறைய சிலிகான். முழு உடல் எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

வாசலில் தடுப்பு மேடு இல்லை. கதவு அகலம் 90 செ.மீ.

ஜூலை 15
கறை 31.

ஜூலை 16
கறை 31. நேற்று இரவு சன்னல் மூடியிருந்தது.

ஜூலை 18
படிக்கல் ஒட்டி முடிந்தது. பதினெட்டு ஏற்றத்தையும் அளந்தேன். 16.9க்கும் 17.2க்கும் நடுவில் எல்லாம். கண்ணை மூடி இறங்கிப் பார்த்தேன், ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு.

ஜூலை 24
கறை 9. இரண்டாவது தாள் ஒட்டியாயிற்று, மாலை 5.40.

ஜூலை 25
தாளின் மேல்பகுதி முழுக்க உலர்ந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பனி மாதிரி. அம்மா அறைக் கட்டிலை வெள்ளிக்கிழமை இறக்கலாமா என்று கேட்கிறார்கள். மேற்குச் சுவரோரம் போடச் சொல்லியிருக்கிறேன். கிழக்கே எதுவும் சாய்க்க வேண்டாம், திரையும் வேண்டாம்.