அச்சொட்டாகப் பொருந்திய கோடு

எவ்வளவு வெளிச்சம் விழுந்தால் நெல் இலை எவ்வளவு காபனீரொட்சைட்டை இழுக்கும் என்று கணக்குப் போடுவதுதான் புதுவேலை என்று அம்மாவிடம் சொன்னேன். "வெயிலுக்கும் கணக்கா? அது எறிக்கிறபடி எறிக்கும், பயிர் வளர்றபடி வளரும்" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டு சிறுபோகமும் ஒரு பெரும்போகமும் அந்த வேலையில் கிடந்து எழும்பிய பிறகு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலை. விடிய வெள்ளன மட்டக்களப்பிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வயல் வட்டையில் நின்று அளப்பது, பின்னேரம் திரும்பி வந்து கணினியில் சமன்பாடு பொருத்துவது. நாங்கள் 'இர்கா' என்று கூப்பிடும் கருவியின் கவ்விக்குள் இலையை வைத்தால், உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று அகச்சிவப்புக் கதிரால் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லும். அந்த வட்டையின் தண்ணீர்ப் பாய்ச்சலைப் பார்க்கும் விதானையார் முதல்நாள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இலைக்குப் பிரசர் பாக்கிறியா?" என்று கேட்டார். அதைவிடச் சுருக்கமாக நான் இன்றுவரை யாருக்கும் விளக்கியதில்லை.

வளைகோடு பார்க்க மிக எளிது. இருட்டில் இலை சுவாசிக்க மட்டும் செய்கிறது, அதனால் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே தொடங்கும். வெளிச்சம் கூடக் கூட நேர்கோடாக ஏறும், பிறகு வளையும், பிறகு படுத்துவிடும். நல்ல உச்சி வெயிலில் சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் 2000 மைக்குரோமோல் அளவுக்கு ஒளித்தொகுப்புக்கு உதவும் போட்டோன்கள் விழும், ஆனால் நெல் இலை அதற்கு முன்னமே போதும் என்று சொல்லிவிடும், ஏனென்றால் அதற்குமேல் தடை வெளிச்சத்தில் இல்லை, காபனீரொட்சைட்டைப் பிடித்துக் கட்டும் ருபிஸ்கோ என்ற நொதியத்தின் வேகத்தில் இருக்கிறது. இந்தக் கோட்டை நான்கே எண்களால் எழுதிவிடலாம்: தொடக்கச் சரிவு, உச்சம், வளைவின் கூர்மை, இருட்டுச் சுவாசம். செங்கோணமில்லாத அதிபரவளைவு என்று பெயர், பெயர்தான் பயம்.

வயலில் நின்றால்தான் தெரியும் இது எத்தனை வழியில் பிழைக்கும் என்று. கருவி இழுக்கும் காற்று ஒரே சீராக இருக்கவேண்டும். பக்கத்தில் நின்று நாலு பேர் கதைத்தாலே எண் ஆடும், வரம்போடு ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் அந்த ஐந்து நிமிடத் தரவைத் தூக்கி எறியவேண்டியதுதான். கடைசியில் பெரிய பிளாஸ்டிக் கலன் ஒன்றைக் குழாயில் பூட்டி, காற்று அதற்குள் கலந்து நிதானித்து வரும்படி செய்தோம். அப்புறம் இலையின் அகலம். எங்கள் கவ்வியின் பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர், நெல் இலையின் அகலமோ ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. இலையை அளந்து உண்மையான பரப்பைக் கொடுக்க மறந்தால் கருவி வெறும் இடத்தையும் இலையென்று நினைத்து வகுத்துவிடும். ஒரு நாள் முழுவதும் அப்படி வகுத்தது. இதையாவது பிறகு திருத்தலாம், அகலம் கொப்பியில் இருந்தது.

திருத்த முடியாத பிழையைச் செய்தது முதல் சிறுபோகத்தில். பற்றரி மத்தியானம் வரைதான் தாங்கும், ஒரு நாளில் பத்து இலையாவது முடிக்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதனால் இலையைக் கவ்வியதும் இருட்டில் தொடங்கி மேலே மேலே வெளிச்சத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் மட்டும் நின்று ஓடிக்கொண்டிருந்தேன். பின்னேரம் சமன்பாட்டைப் பொருத்தினால் புள்ளிகள் எல்லாம் கோட்டின்மேல் அச்சொட்டாக உட்கார்ந்தன. பொருத்தத்தைச் சொல்லும் ஆர் ஸ்கொயர் 0.99, 1 என்றால் முழுப் பொருத்தம். அந்தப் படத்தைக் கைபேசியில் முகப்புப் படமாகக்கூட வைத்திருந்தேன், சிரிக்காதீர்கள். மூன்று கிழமைத் தரவையும் திட்டத்தை நடத்தும் சேரிடம் காட்டியபோது அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "இலையை எத்தனை நிமிசம் வெளிச்சத்தில விட்டனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இருட்டிலிருந்து வந்த இலை உடனே வேலை தொடங்காது. ருபிஸ்கோ வெளிச்சத்தில் உசுப்பப்படச் சில நிமிடம் வேண்டும், இலைவாய், அதாவது இலையில் காற்றுப் போய்வரும் நுண்துளை, திறக்க அதைவிட நேரம், அரை மணித்தியாலம்கூட ஆகும். நான் அளந்தது இன்னும் சோம்பல் முறித்து முடியாத இலையை. ஒவ்வொரு படியிலும் இலை கொஞ்சம் விழித்துக்கொண்டிருந்தது, வெளிச்சமும் கூடிக்கொண்டிருந்தது, இரண்டும் கலந்து அழகான வளைவாக வந்துவிட்டது. நான்கு எண்ணை விருப்பப்படி அசைக்கவிட்டால் சமன்பாடு எதோடும் பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி செய்தோம்: முதலில் நிறைந்த வெளிச்சத்தில் இருபத்தைந்து நிமிடம், பிறகு மேலிருந்து கீழே. ஒரு நாளைக்கு மூன்று இலைதான் முடிந்தது, உச்சம் பழையதைவிட அரைப்பங்கு அதிகமாக வந்தது. புள்ளிகள் கோட்டைவிட்டுக் கொஞ்சம் சிதறியும் இருந்தன. பழைய தரவு மூன்று கிழமையும் குப்பை.

சரி, கோடு திருந்திவிட்டது, இனி நாள் முழுவதற்கும் ஓட்டலாம் என்று நினைத்தால் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மட்டக்களப்பார் யாருக்கும் கச்சானைச் சொல்லித்தரத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்து வருகிறது, முகத்தில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. வெளிச்சத்தை மட்டும் பார்க்கும் என் மொடல் பன்னிரண்டு மணிக்கு உச்சம் என்றது, கருவியோ பதினொன்றிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது.

கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. 29 பாகை, 75 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றின் ஆவியமுக்கப் பற்றாக்குறை, அதாவது காற்றின் தாகம், ஏறத்தாழ 1 கிலோபஸ்கால். 36 பாகை, 45 சதவீதம் என்றால் 3.3. காலடியில் தண்ணீர் நின்றாலும் காற்று உறிஞ்சும் வேகத்துக்கு வேரும் தண்டும் ஈடுகொடுக்க முடியாமல் இலைவாய் ஒடுங்கிவிடும். ஆனால் சூடு கூடினால் ஒளிச்சுவாசமும் கூடும், ருபிஸ்கோ ஒட்சிசனை மாறிப் பிடித்துப் பிடித்ததில் கொஞ்சத்தை வீணாக்கும். இரண்டில் எது குற்றவாளி? இலைக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டுத்தான் சாட்சி. வாசல் பூட்டியதால் என்றால் உள்ளே அது குறையும், உள்ளே இயந்திரம் மந்தமானால் குறையாமல் நிற்கும். எங்களுக்குக் குறைந்தது. பெரும்பங்கு இலைவாய்தான்.

அதனால் 1980இல் ஃபார்கர், வொன் கெமரர், பெரி மூவரும் எழுதிய உயிரிரசாயன மொடலுக்குப் போனோம், அதோடு இலைவாய்க்கு மெட்லினும் கூட்டாளிகளும் 2011இல் தந்த சமன்பாட்டைக் கட்டினோம். இங்கே முட்டையா கோழியா கதை: ஒளித்தொகுப்பைக் கணிக்க உள்ளே உள்ள காபனீரொட்சைட்டுத் தெரியவேண்டும், அதற்கு இலைவாய்த் திறப்பு, திறப்புக்கு மறுபடி ஒளித்தொகுப்பு. ஒரு ஊகத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித்தான் விடைக்கு வரவேண்டும். நான் எழுதிய முதல் கணினிப் புரோகிராம் இரவு முழுக்கச் சுற்றியது, விடியப் பார்த்தால் இலை காற்றுக்குக் காபனீரொட்சைட்டு விற்றுக்கொண்டிருந்தது, அதுவும் உச்சி வெயிலில். ஒரு கழித்தல் குறி.

பெரும்போகம் வேறு கதை. மார்கழி மழை இருட்டில் பயிர் பட்டினி கிடக்கும் என்பார்கள், தனி இலையின் கோடும் அதைத்தான் சொல்லும். ஆனால் வயல் என்பது தனி இலை இல்லையே. இலைப் படுக்கைக்குள் வெளிச்சம் எப்படி மங்கிக்கொண்டு போகும் என்று யப்பானிய ஆய்வாளர்கள் மொன்சியும் சாயெகியும் 1953இலேயே எழுதிவிட்டார்கள்: நேர் வெயிலில் மேல் இலைக்குத் தேவைக்கு மேல், அடி இலைக்கு நிழல். மெல்லிய மேகம் என்றால் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வந்து அடிவரை நுழையும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினற்றுபோ எரிமலை வெடித்து வானம் மங்கலான பிறகு, தெளிந்த வான நாட்களில் அமெரிக்கக் காடு ஒன்று முன்னைவிடக் கூடுதலாகக் காபன் பிடித்தது இதனால்தான். எங்கள் அடைமழைக் கறுப்பு மேகத்துக்கு இந்தச் சலுகை இல்லை, மொத்த வெளிச்சமே போய்விடுகிறது.

இரண்டாவது சிறுபோகத்தில் புது மொடல் கச்சான் நாட்களையும் ஓரளவு பிடித்தது. மத்தியானப் பள்ளம் படத்தில் தெரிந்தது. அந்தச் சந்தோசத்தில் மடிக்கணினியோடு விதானையாரின் வாடிக்குப் போய்க் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"சரி புள்ள, ஏக்கருக்கு எத்தனை மூடை?"

மொடல் சீனி எவ்வளவு செய்யும் என்றுதான் சொல்லும், அதிலிருந்து ஒருமாதிரிக் கணித்து ஓர் எண்ணைச் சொன்னேன்.

"பதர் கழிச்சியா?"

கழிக்கவில்லை. பூக்கும் நேரத்தில் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது, இலை எத்தனை சீனி செய்து வைத்திருந்தாலும் போய்ச் சேர இடம் இருக்காது. படித்த விஷயம்தான், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அவர் கதிர் ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார், பாதி பறந்தது.

அன்றிரவு கோப்பில் பதருக்கு ஒரு புது நிரல் சேர்த்தேன். தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.